வேலூரில் இருந்துகொண்டு முதல் மெக்கானிக்கல் கீபோர்டு வாங்குவது எப்படி: அமைப்பு, சத்தம், செலவு

வேலூரில் மெக்கானிக்கல் கீபோர்டு, அதாவது ஒவ்வொரு கீக்கும் அடியில் தனி ஸ்விட்ச் உள்ள கீபோர்டு, வாங்க நினைப்பவருக்கு முதல் சிக்கலே தொட்டுப் பார்க்க இடம் இல்லாததுதான். ஆபீசர்ஸ் லைனிலோ காட்பாடியிலோ கம்ப்யூட்டர் கடையில் கேட்டால் கலர் கலராக லைட் எரியும் கேமிங் கீபோர்டு ஒன்றிரண்டை எடுத்து வைப்பார்கள். அதுவும் பெரும்பாலும் ப்ளூ ஸ்விட்ச், அதாவது சொடுக்குச் சத்தம் போடும் வகை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வரை போனாலும் கேமிங் சரக்குதான் அதிகம். மற்றதையெல்லாம் வீடியோவில் பார்த்து, ஆன்லைனில் பணம் கட்டி, பெட்டி வந்த பிறகுதான் தெரிந்துகொள்ள வேண்டும். நானும் அப்படித் தட்டுத்தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, எந்த வரிசையில் முடிவெடுத்தால் பணம் வீணாகாது என்று இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். சத்தத்தை வாங்கிய பிறகும் மாற்றலாம், அமைப்பை, அதாவது எத்தனை கீ, எங்கே என்பதை மாற்ற முடியாது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சத்தத்தில் மயங்கி வாங்கிவிட்டு, ஒரு மாதம் கழித்து அம்புக்குறி கீயைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அதனால் நம் வரிசை அமைப்பில் தொடங்குகிறது.

1. எத்தனை கீ வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

கடைகளில் சதவீதக் கணக்கில் சொல்வார்கள். முழு அளவில் 104 கீ, அகலம் சுமார் 44 செ.மீ. வலப்பக்க நம்பர் கட்டத்தை எடுத்துவிட்டால் டிகேஎல், 87 கீ, சுமார் 36 செ.மீ. அதையே நெருக்கி அடுக்கினால் 75 சதவீதம், 80 முதல் 84 கீ. எஃப் வரிசையையும் நீக்கினால் 65 சதவீதம், 66 முதல் 68 கீ. அம்புக்குறியும் போய்விட்டால் 60 சதவீதம், 61 கீ, அகலம் 30 செ.மீ.க்குள்.

உங்கள் வேலையை வைத்து முடிவெடுங்கள். கடைக் கணக்கு, டாலி பார்ப்பவர் என்றால் 75 சதவீதத்துக்குக் கீழே போகவே வேண்டாம். டாலியில் பேமென்ட் எஃப்5, ரசீது எஃப்6, ஜர்னல் எஃப்7, விற்பனை எஃப்8, கொள்முதல் எஃப்9. 65 சதவீதக் கீபோர்டில் இவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு கீயைச் சேர்த்து அழுத்த வேண்டும். நாள் முழுக்க வவுச்சர் போடுபவருக்கு அது தண்டனை. நம்பர் கட்டமும் வேண்டும், மேசையிலும் இடம் இல்லை என்றால் 96 சதவீதம் பாருங்கள். இல்லாவிட்டால் டிகேஎல் வாங்கி, தனி நம்பர்பேடை இடது கைப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை இரண்டாவது வழிதான் வசதி, மவுஸ் கை தூரமாக நீள வேண்டியதில்லை.

புரோகிராம் எழுதும் மாணவர்களுக்கு 75 சதவீதம் சரியாக இருக்கும். பிழை தேடும்போது எஃப்5, எஃப்10 எல்லாம் கைக்கு வேண்டும். எழுத்து வேலை, மொழிபெயர்ப்பு, மின்னஞ்சல் மட்டும் என்றால் 65 போதும், அம்புக்குறி இருக்கிறதே. 60 சதவீதத்தை முதல் கீபோர்டாக யாருக்கும் நான் சொல்வதில்லை. படத்தில் அழகாக இருக்கும். ஆனால் ஒரு வரி மேலே போகக்கூட எஃப்என் (Fn) கீயைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை அழுத்த வேண்டும்.

என்டர் கீயின் வடிவத்தையும் பாருங்கள். இந்தியாவில் விற்பவை அநேகமாக ஆன்சி, அதாவது என்டர் படுக்கைவாட்டில் நீளமாக இருப்பது. வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வந்தது, பழையதாக விற்பனைக்கு வருவது என்றால் ஐஎஸ்ஓவாக இருக்கலாம். அதில் என்டர் இரண்டு வரிசை உயரம், இடது ஷிஃப்ட் குட்டை. கை பழகிவிடும், ஆனால் பிறகு கீகேப் (கீயின் மேல் மூடி) வாங்கும்போது ஒவ்வொரு செட்டிலும் அந்த என்டர் இருக்கிறதா என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டும்.

2. தமிழில் தட்டச்சு செய்பவர்கள் ஐந்து கீகளைச் சரிபாருங்கள்

இதை எந்த ஆங்கில வழிகாட்டியிலும் பார்க்க முடியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பில் பழகியவர் என்றால் உங்கள் எழுத்துகள் ஆங்கில எழுத்துக் கீகளோடு முடிவதில்லை. ச இருப்பது [ கீயில். ஞ அதற்கு அடுத்த ] கீயில். ந இருப்பது ; கீயில், ய இருப்பது ' கீயில், ழ இருப்பது / கீயில். 60 சதவீதம் வரை இந்த ஐந்தும் அதனதன் இடத்தில் இருக்கும். 40 சதவீதக் கீபோர்டுகளில் [ ] இரண்டும் இன்னொரு லேயருக்குப் போய்விடும். ‘அரசு’, ‘செய்தி’, ‘பேச்சு’ என்று எதை அடித்தாலும் ச வருகிற இடத்தில் கூடுதலாக ஒரு கீ பிடிக்க வேண்டும். தமிழ் எழுதும் வேகம் அங்கேயே செத்துவிடும்.

மாறாக, நடுவில் பிளந்த கீபோர்டு தமிழ்99க்கு நன்றாகவே பொருந்துகிறது. உயிர் எழுத்துகள் இடது கைக்கும் மெய் எழுத்துகள் வலது கைக்கும் என்று பிரித்துத்தானே அந்த அமைப்பைச் செய்திருக்கிறார்கள். இரண்டு கையும் மாறி மாறி அடிக்கும். விதிவிலக்கு வ, ங இரண்டும். இவை ஆங்கில வி (V), பி (B) கீகளில் இருப்பதால் பிளந்த பலகையில் இடது பாதிக்குப் போய்விடும். ங அபூர்வமாகத்தான் வரும், வ அப்படியில்லை. ஒரே பலகையில் இரண்டு பாதியும் சாய்ந்து விலகியிருக்கும் ஆலிஸ் அமைப்பில் சில மாடல்களில் பி கீ இரண்டு பக்கமும் இருக்கும், கிடைத்தால் நல்லது.

அடுத்தது மொழி மாற்றும் கீ. விண்டோஸில் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது, விண்டோஸ் கீயையும் ஸ்பேஸ்பாரையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். விண்டோஸ் கீயே இல்லாத மாடல்கள் இந்தப் பொழுதுபோக்கில் மதிப்பாகப் பேசப்படுபவை, ஆனால் இரண்டு மொழி எழுதுபவர் அதை யோசித்துத்தான் வாங்க வேண்டும். நான் சொல்லும் வழி இது: கீகளின் வேலையை மாற்ற உதவும் க்யூஎம்கே, வியா என்ற மென்பொருள்களை ஏற்கும் கீபோர்டாகப் பார்த்து வாங்குங்கள். கீக்ரான் நிறுவனத்தின் க்யூ, வி வரிசைகளில் இது உண்டு. வியாவைத் திறந்து, கேப்ஸ் லாக் கீயை ‘விண்டோஸ் + ஸ்பேஸ்’ என்று மாற்றிவிடுங்கள். தமிழுக்குக் கேப்ஸ் லாக்கால் ஒரு பயனும் இல்லை. சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே மொழி மாற்றும் கீ வந்துவிட்டால், ஒரு வரியில் நான்கு முறை ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்புவது கூடத் தொந்தரவாகத் தெரியாது.

தமிழ் எழுத்து அச்சிட்ட கீகேப் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனால் பிபிடி என்ற சொரசொரப்பான பிளாஸ்டிக் கீகேப்பில் அது சரியாகப் பிடிக்காது. நம் ஊர் வெயிலில் விரல் வியர்வை பட்டு ஓரம் கிளம்பிவிடும். பழகும் வரை ஒரு தாளில் அமைப்பை அச்செடுத்து மானிட்டருக்குக் கீழே ஒட்டிக்கொள்வது மேல்.

3. ஸ்கேல் எடுத்து ஸ்பேஸ்பாரை அளந்து பாருங்கள்

சின்ன வேலைதான், பெரிய செலவைத் தவிர்க்கும். ஒரு சாதாரண எழுத்துக் கீக்கு ஒதுக்கிய இடம் 19.05 மி.மீ. இதை ஒரு யூனிட் என்பார்கள். பொதுவான ஸ்பேஸ்பார் 6.25 யூனிட், கையில் அளந்தால் சுமார் 11.8 செ.மீ. இதைவிடக் குட்டையாகவோ நீளமாகவோ இருந்தால் வெளியில் கிடைக்கும் கீகேப் செட் பலவும் பொருந்தாது. 65, 75 சதவீதத்தில் வலது ஷிஃப்ட் குட்டையாக 1.75 யூனிட் இருக்கும். கீகேப் செட் வாங்கும்போது அந்த ஷிஃப்ட் படத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். கடைக்காரர் ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்.

4. சத்தத்தை உங்கள் அறையில் வைத்து முடிவு செய்யுங்கள்

வீடியோவில் கேட்கும் சத்தம் உங்கள் வீட்டில் கேட்காது. அங்கே மைக்கைக் கீபோர்டுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து, ஃபேனையும் ஏசியையும் நிறுத்தி, கதவைச் சாத்திப் பதிவு செய்கிறார்கள். நம் ஊரில் மாசியில் போட்ட ஃபேன் ஐப்பசி மழை வரை ஓடும். ஃபேன் ஐந்தில் சுற்றும்போது கீழ்ஸ்தாயியில் வரும் மெத்தென்ற சத்தம் அமுங்கிப்போய், கூர்மையான பகுதி மட்டும்தான் காதுக்கு வருகிறது. ஆழமான சத்தத்துக்காக ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுக்கும் முன் இதை யோசியுங்கள்.

அறையும் சத்தத்தை மாற்றும். டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், ஸ்டீல் பீரோ உள்ள அறையில் கூர்மையான சத்தம் எதிரொலித்துப் பெரிதாகும். மெத்தை, திரைச்சீலை, துணி அடுக்கிய அறையில் அதே கீபோர்டு அடங்கிப் பேசும். சுவரில் பதித்த கடப்பாக்கல் பலகையை மேசையாகப் பயன்படுத்துபவர்கள் இங்கே நிறைய பேர். கல்லின் மேல் நேரடியாக வைத்தால் எந்தக் கீபோர்டும் டக் டக் என்று கெட்டியாகத்தான் ஒலிக்கும்.

வாங்குவதற்கு முன்பே ஒரு சோதனை செய்யுங்கள். இப்போது இருக்கும் கீபோர்டை மேசை மேல் வைத்து ஒரு பத்தி அடியுங்கள், நாலாக மடித்த பெட்ஷீட் மேல் வைத்து அதே பத்தியை அடியுங்கள். ஃபேன் போட்டு ஒருமுறை, நிறுத்தி ஒருமுறை. வீட்டில் யாரையாவது பக்கத்து அறையில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். சிஎம்சியில் நைட் டியூட்டி முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் இருக்கும் வீடு, விடுதி அறை, சுவரை ஒட்டிய லைன் வீடு என்றால் அந்தப் பக்கத்து அறைக்காரரின் பதில்தான் உங்கள் பதில்.

சரி, கடைகளில் சொல்லும் பெயர்கள். தாழ்ந்த, உருண்டையான தொக் என்ற சத்தத்தை ‘தாக்’ என்பார்கள். உயர்ந்த, தெளிவான டக் என்பது ‘கிளாக்’. இடைவெளி தெரியாமல் வழுவழுவென்று வருவது ‘கிரீமி’. பேனா மூடியைத் திறப்பது போலத் தனியாக ஒரு சொடுக்கு கேட்டால் ‘கிளிக்கி’. இவற்றில் உயர்வு தாழ்வு இல்லை. நைலான் உடல் உள்ள ஸ்விட்ச், தடித்த பிபிடி கீகேப், மெத்தென்ற பிளேட் (ஸ்விட்சுகளைப் பிடித்திருக்கும் தகடு), உள்ளே ஃபோம் என்றால் தாக் பக்கம் சாயும். பாலிகார்பனேட் உடல், நீளமான அச்சு (அழுத்தும்போது கீழே இறங்கும் தண்டு) உள்ள ஸ்விட்ச், அலுமினியம் பிளேட் என்றால் கிளாக் பக்கம் சாயும்.

5. ஸ்விட்சைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று குடும்பம். தடையின்றி நேராக இறங்குவது லீனியர். நடுவில் ஒரு சிறு மேடு விரலுக்குத் தெரிவது டாக்டைல். மேட்டோடு சொடுக்குச் சத்தமும் தருவது கிளிக்கி. செர்ரி நிறுவனத்தின் ரெட், பிரவுன், ப்ளூ என்ற பெயர்களே இன்றும் அளவுகோல். ரெட்டுக்கு 45, பிரவுனுக்கு 55, ப்ளூவுக்கு 60 கிராம் அளவுக்கு அழுத்தம் வேண்டும். மொத்தமாக 4 மி.மீ. இறங்கும், சுமார் 2 மி.மீ.யில் எழுத்து விழும். மற்ற நிறுவனங்கள் நிறத்தை இஷ்டத்துக்குப் பயன்படுத்துகின்றன, அதனால் நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

பட்ஜெட்டில் லீனியர் வேண்டுமென்றால் கேட்டரான் யெல்லோ வகையில் தொடங்கலாம். விலை குறைவு, குறையும் குறைவு. சத்தமே கூடாது என்றால் சைலண்ட் வகை. அதில் அச்சின் முனையில் மெத்தென்ற ரப்பர் இருக்கும். ஔடெமு சைலண்ட் பீச் லீனியர், கசூ போபா யூ4 டாக்டைல். சிலருக்கு அந்த ரப்பர் விரலுக்குச் சேற்றில் குத்தியது போல இருக்கும், பிடிக்காது. முதலில் இரண்டு மூன்று மட்டும் வாங்கி அழுத்திப் பாருங்கள்.

தட்டச்சுப் பயிலகத்தில் ஜூனியர், சீனியர் பாஸ் செய்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் விரல் அடி வரை ஓங்கி அடித்துப் பழகியது. குடியாத்தத்தில் பல வருடம் பயிலகம் நடத்திய ஒரு பெரியவர் என் மேசையில் உட்கார்ந்து ஒரு பத்தி அடித்துப் பார்த்தார். "சத்தம் பரவால்லப்பா, ஆனா அடி விழற எடம் கெட்டியா இருக்கு, விரல் நோகுது" என்றார். அது அலுமினியம் பிளேட், லேசான ஸ்பிரிங். பாலிகார்பனேட் பிளேட் போட்ட, கேஸ்கெட் முறையில், அதாவது பிளேட் மெத்தென்ற பட்டைகளின் மேல் தொங்கும் கீபோர்டில், 60 கிராமுக்கு மேல் உள்ள டாக்டைலை வைத்துக் கொடுத்ததும் வேகமாக அடித்துக்கொண்டே போனார். ஓங்கி அடிப்பவர் லேசான லீனியர் வாங்கக் கூடாது. ப்ளூ வாங்கினால் டைப்ரைட்டர் நினைவு வரும் என்று பலரும் சொல்வார்கள். விரலுக்கு வலி இல்லாமல் இருப்பதுதான் முக்கியம், அதைப் பிளேட்டும் ஸ்பிரிங்கும்தான் தரும்.

ஹாட்ஸ்வாப் வசதி உள்ளதை மட்டும் வாங்குங்கள், இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். சால்டரிங் இல்லாமல் ஸ்விட்சைப் பிடுங்கி வேறு செருகலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்விட்சில் 3 முள், 5 முள் என்று இரண்டு வகை. போர்டு 3 முள் மட்டும் ஏற்பது என்றால் 5 முள் ஸ்விட்சின் இரண்டு பிளாஸ்டிக் முள்ளை நெயில் கட்டரால் வெட்டித்தான் செருக வேண்டும்.

6. பணக் கணக்கு

நான் இதை எழுதும் நேரத்து விலை, சுமாராக:

கட்டி முடித்து வரும் ஹாட்ஸ்வாப் கீபோர்டு, பிளாஸ்டிக் உடல்: 3,000 முதல் 6,000 ரூபாய்.
அலுமினியம் உடல்: 9,000 ரூபாயிலிருந்து மேலே.
ஸ்விட்ச் தனியாக: ஒன்று 15 முதல் 50 ரூபாய். 75 சதவீதத்துக்கு 85 முதல் 90 வாங்குங்கள், சில முள் வளைந்து வீணாகும்.
பிபிடி கீகேப் செட்: 1,200 முதல் 3,000 ரூபாய்.
லூப் (உராய்வைக் குறைக்கும்) கிரீஸ் சின்ன டப்பா: 500 முதல் 900 ரூபாய். பிரஷ், ஸ்விட்ச் திறப்பான், பிடுங்கி எல்லாம் சேர்த்து 300 முதல் 500.

முதல் முறை மொத்தமாக 6,000 ரூபாய்க்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் 4,500 கீபோர்டுக்கு, மீதி கிரீஸுக்கும் மேசை விரிப்புக்கும். கீகேப், ஸ்விட்ச் மாற்றம் எல்லாம் மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம். அதற்குள் உங்களுக்கு என்ன பிடிக்கவில்லை என்று உங்கள் கையே சொல்லிவிடும்.

7. ஆர்டர் போடும்போது கையில் வைத்திருக்க வேண்டியவை

இந்தியாவுக்குள் வாங்குவதே புதியவருக்கு நல்லது. பெங்களூர், சென்னையிலிருந்து வரும் பார்சல் வழக்கமாக மூன்று நான்கு நாளில் வேலூர் வந்துவிடும். ஜிஎஸ்டி பில்லை பிடிஎஃப் ஆக உடனே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் உங்கள் பெயர், தேதி, மாடல் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். கீபோர்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ‘பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்’ என்பவரிடம் வாங்கினால் வாரண்டியை மறந்துவிடுங்கள்.

பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். முகவரி ஒட்டிய பக்கத்தில் தொடங்கி, நிறுத்தாமல், கீபோர்டு வெளியே வரும் வரை ஒரே வீடியோவாக இருக்க வேண்டும். உடைந்து வந்தால் பல கடைகள் இது இல்லாமல் பேச்சையே எடுப்பதில்லை.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி, ஐஜிஎஸ்டி, கூரியர்காரரின் கையாளும் கட்டணம் என்று மூன்றும் விலைக்கு மேல் வரும். கேஒய்சிக்கு ஆதாரோ பான் கார்டோ கேட்பார்கள், பணம் கட்டிய ரசீது கேட்பார்கள். நம்மவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இனிஷியல். ஆதாரில் இனிஷியல் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக, ஆர்டரில் இனிஷியல் முன்னால் என்று மூன்று விதமாக இருந்தால் பார்சல் அங்கேயே நின்றுவிடும். எந்த அடையாள அட்டையைக் கொடுக்கப் போகிறீர்களோ அதில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே ஆர்டர் போடுங்கள்.

குரூப் பை என்று ஒரு முறை உண்டு. பலர் முன்கூட்டியே பணம் கட்ட, அதன் பிறகுதான் பொருள் தயாராகும். மாதக்கணக்கில் ஆகும், வருடத்தைத் தாண்டியதும் உண்டு. முதல் கீபோர்டுக்கு இது வேண்டவே வேண்டாம்.

பழையது வாங்கினால், இன்றைய தேதியையும் விற்பவரின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கீபோர்டு மேல் வைத்து எடுத்த படம் கேளுங்கள். இந்த வட்டத்தில் இது எல்லோரும் ஏற்றுக்கொண்ட வழக்கம். தயங்குபவரிடம் வாங்காதீர்கள். காட்பாடி பக்கம் படிப்பு முடித்து ஊர் திரும்பும் மாணவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் நல்ல கீபோர்டுகளை விற்பதுண்டு. நேரில் போய் அழுத்திப் பார்த்து வாங்கலாம் என்பது பெரிய வசதி.

8. வந்த அன்றே எல்லாக் கீயையும் சோதியுங்கள்

திருப்பி அனுப்பும் கால அவகாசம் சில கடைகளில் ஏழே நாள்தான், சிலவற்றில் அதுவும் இல்லை. கீ சோதிக்கும் இணையப் பக்கம் ஒன்றைத் திறந்து ஒவ்வொரு கீயாக அழுத்துங்கள். இரண்டு முறை விழுகிறதா, விழவே இல்லையா என்று பாருங்கள். விழவில்லை என்றால் உடனே பழுது என்று முடிவு கட்டாதீர்கள். அந்த ஸ்விட்சைப் பிடுங்கிப் பாருங்கள், பாதி நேரம் உலோக முள் மடங்கியிருக்கும். ட்வீசரால் நேராக்கி, செங்குத்தாக, சாய்க்காமல் அழுத்துங்கள். சாய்த்து அழுத்தினால் அடியில் உள்ள சாக்கெட் போர்டிலிருந்து பெயர்ந்துவிடும். அதைச் சரிசெய்ய சால்டரிங் தெரிந்தவர் வேண்டும்.

9. முதலில் ஸ்டெபிலைசரைச் சரிசெய்யுங்கள்

ஸ்பேஸ்பார், என்டர், ஷிஃப்ட், பேக்ஸ்பேஸ் ஆகிய நீளமான கீகளுக்குக் கீழே ஒரு கம்பியும் இரண்டு பிளாஸ்டிக் கூடும் இருக்கும். அதுதான் ஸ்டெபிலைசர். விலை குறைந்த கீபோர்டு மட்டமாகக் கேட்பதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான், ஸ்விட்ச் இல்லை. ஸ்விட்சுக்கு மூவாயிரம் செலவழித்தும் ஸ்பேஸ்பார் மட்டும் சைக்கிள் மட்கார்டு மாதிரி கடகடத்தால் என்ன பயன்?

ஸ்பேஸ்பாரின் இடது ஓரத்தை மெதுவாக அழுத்தி விடுங்கள், பிறகு வலது ஓரம். உலோகம் உரசும் சிலுசிலு சத்தம் வந்தால் கிரீஸ் வேண்டும். கீகேப்பைப் பிடுங்கியால் நேராக மேலே தூக்குங்கள். கம்பியின் இரண்டு முனையும் கூட்டுக்குள் நுழையும் இடம் தெரியும். முழுதாகக் கழற்ற முடிந்தால் கழற்றி, கம்பியைக் கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். ஒரு முனை தூக்கிக்கொண்டு ஆடினால் கம்பி வளைந்திருக்கிறது. கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, இரண்டு முனையும் கண்ணாடியில் படியும் வரை நேராக்குங்கள். அப்புறம் கம்பி முனைகளில் கிரைடாக்ஸ் 205ஜி0 அல்லது டைஎலெக்ட்ரிக் கிரீஸை வெள்ளையாகத் தெரியும் அளவுக்குத் தாராளமாகத் தடவுங்கள். கூட்டின் உள்சுவருக்கு மெல்லிய பூச்சு போதும். திரும்பப் பொருத்தி அழுத்தினால் சிலுசிலு போய் ஒரே ஒரு தொக் மட்டும் மிஞ்ச வேண்டும். கீ மெதுவாக எழும்பி வந்தால் கிரீஸ் அதிகம், பட்ஸால் கொஞ்சம் துடைத்துவிடுங்கள். முதல் முறை செய்பவருக்கு எல்லா நீளக் கீகளுக்கும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதையும் பயன்படுத்தாதீர்கள். வழிந்தோடி ஸ்விட்சுக்குள் போய்த் தூசியைப் பிடித்துக்கொள்ளும். பாலாற்றுக் காற்று கொண்டுவரும் தூசிக்கு இங்கே பஞ்சமே இல்லை.

10. மேசை விரிப்பு, டேப், ஃபோம்

அடுத்தபடியாகக் குறைந்த செலவில் அதிக மாற்றம் தருவது மேசை விரிப்பு. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் தோல் துண்டு கேட்டுப் பாருங்கள். 2 மி.மீ. தடிமன், கீபோர்டைவிட இரண்டு பக்கமும் ஒரு கை அகலம் அதிகம் இருந்தால் போதும். பின்பக்கம் மெல்லிய ஃபெல்ட் ஒட்டிவிட்டால் கடப்பாக்கல் மேல்கூட அடங்கிய சத்தம் வரும்.

டேப் வைத்தியம்: கீபோர்டைத் திறந்து சர்க்யூட் போர்டின் பின்பக்கம் பெயின்டர் பயன்படுத்தும் காகித மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டுவது. சத்தம் கொஞ்சம் உருண்டையாகும். அலுமினியம் டேப் ஒட்டினால் ஷார்ட் ஆகும், காகித டேப் மட்டும்தான். திறப்பதற்கு முன் யுஎஸ்பியைக் கழற்றுங்கள். வயர்லெஸ் மாடல் என்றால் பேட்டரி வயர் மேல் உடலோடு இணைந்திருக்கும், வெடுக்கென்று தூக்கினால் அறுந்துவிடும். பிளாஸ்டிக் கிளிப் உள்ள உடலைத் திறக்க ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், காலாவதியான ஏடிஎம் கார்டு போதும். திறந்தால் வாரண்டி போகுமா என்று முன்பே கடையில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே ஃபோம் இப்போது பல கீபோர்டுகளில் நிறுவனமே போட்டு அனுப்புகிறது. அதற்கு மேல் நீங்களும் திணித்தால் சத்தம் அடங்கி, உயிரும் போய்விடும்.

11. ஸ்விட்சுக்கு லூப் போடுவது, விருப்பம் இருந்தால் மட்டும்

இப்போது வரும் ஸ்விட்ச் பலவற்றில் நிறுவனமே லூப் போட்டு அனுப்புகிறது. அழுத்தும்போது சொரசொரப்போ ஸ்பிரிங் கிணுகிணுவென்ற சத்தமோ இல்லை என்றால் கை வைக்காதீர்கள். இருந்தால், ஸ்பிரிங் சத்தத்துக்கு மட்டும் ஒரு சுலப வழி உண்டு. எல்லா ஸ்பிரிங்கையும் ஜிப் கவரில் போட்டு, கிரைடாக்ஸ் 105 எண்ணெய் சில சொட்டு விட்டு, காற்றோடு மூடி நன்றாகக் குலுக்குங்கள்.

முழு லூப் என்றால் ஒவ்வொரு ஸ்விட்சையும் திறந்து, அச்சின் பக்கவாட்டுக்கும் உடலின் தடத்துக்கும் பிரஷ்ஷால் மெல்லிய பூச்சு. டாக்டைலில் மேடு உள்ள கால்களைத் தொடாதீர்கள், மேடு மழுங்கிவிடும். கிளிக்கிக்கு லூப் வேண்டாம். ஸ்விட்சுக்கு மூன்று நான்கு நிமிடம் என்று வைத்தால் 80 ஸ்விட்சுக்கு ஐந்து மணி நேரம். ஒரே மூச்சில் செய்யாமல் இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள், களைத்த கை கிரீஸை அதிகமாகப் பூசும். ஃபேனை நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் தூசி கிரீஸில் ஒட்டும். கத்திரி வெயிலில் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது என்பதால் விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு மூடிவைப்பது நல்லது. முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டே டிபனில் கை வையுங்கள்.